தடுமனும் தொட்டிலும்

நோய்களுள் எவரும் மதியாதது தடுமன் ஒன்றே. காய்ச்சலென்றால் விடுப்புக் கேட்கலாம். தடுமனென்றாலோ தோழரும் நகைப்பர். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைவரை யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தின் பிழையை எமக்குக் கற்பித்தது இரண்டு திங்கள் நிரம்பிய ஒரு மகவு.

தேர்வு முடிந்து விடுதியினின்றும் வீடு சென்றபோது எமக்குச் சிறிது தும்மலும் மூக்கொழுக்கும் இருந்தன. விடுதியில் அறைக்கறை அதுவே நிகழ்ந்தமையின் யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. வீட்டில் தலைப்பேற்றிற்கு வந்திருந்த தமக்கையார் மகனைத் தொட்டிலில் இட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். யாம் பேருந்துப் புழுதியோடு, கைகழுவாமலே, மருமகனைத் தூக்கிக் கன்னத்தில் முத்தமிட்டோம். “தடுமனோடு பிள்ளையைத் தூக்காதே ஐயா” என்றார் ஆச்சி. “தடுமன்தானே ஆச்சி!” என்று விடையிறுத்தோம்.

ஐந்தாம் நாள் குழந்தை தும்மிற்று. ஏழாம் நாள் பாலுண்ண மறுத்தது, மூச்சு விரைந்தது, மூச்சிழுக்குந்தோறும் விலாவெலும்புகளினிடையே தசை உள்வாங்கிற்று. மருத்துவமனையில் மூக்குச்சளியைச் சோதித்த மருத்துவர் ‘ஆர். எஸ். வி.’ என்னும் வைரஸ் இதுவென்றார். நான்கு நாள் பிராணவாயு அளிக்கப்பட்டது. அந்நோய் எம்மிடமிருந்தே வந்ததென்று அவர் கூறவில்லை. ஆயின் அவ்வீட்டில் முன்னர்த் தும்மியவர் யாம் ஒருவரே. அந்நான்கு இரவும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எமக்குத் துயில் வரவில்லை.

நிற்க. இவ்வைரஸின் வரலாற்றைப் பின்னர்த் தேடிக் கற்றோம். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், சளிகொண்ட சிம்பன்சிக் குரங்குகளிடம் இது முதன்முதற் காணப்பட்டது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நோயுற்ற குழந்தைகளிடத்தும் இதனைக் கண்டறிந்தனர். இரண்டு வயதிற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையேனும் இது பற்றுகின்றது. பற்றியவரை மீண்டும் பற்றும். வளர்ந்தோர்க்குப் பெரும்பாலும் மூக்கொழுக்கோடு ஒழியும். பச்சிளங்குழவியின் நுண்ணிய மூச்சுக்குழல்களோ சிறிது வீங்கினும் சளியால் அடைபட்டுப்போம். முதியோர்க்கும், இதயமும் நுரையீரலும் நலிந்தோர்க்கும் இதனால் இடருண்டு. பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் இவ்வைரஸைக் கொல்லா. ஆதலின் மூச்சுக்கும் உணவுக்கும் துணைசெய்து காத்திருத்தலே பெரும்பாலும் மருத்துவமாகின்றது.

இது பரவும் வழிகள் எளியன: இருமல் தும்மலின் திவலை, முத்தம், கழுவாத கை. மேசை, கட்டிற்சட்டம் முதலியவற்றின்மேற் பல மணிநேரம் உயிர்த்திருக்கும். அவற்றைத் தொட்ட கை மூக்கையோ கண்ணையோ தொட்டால் அதுவே போதும்.

தடுப்பூசி காணும் முயற்சி துயரோடு தொடங்கிற்று. 1960-களில் அமெரிக்காவிற் சோதிக்கப்பட்ட முதல் ஊசி, பின்னர் வந்த நோயைத் தணியாது மிகுவித்தது. குழந்தைகள் இருவர் இறந்தனர். 2013-ஆம் ஆண்டில் இவ்வைரஸ் அணுக்களுட் புகுமுன் அதன் மேற்புரதம் கொண்டிருக்கும் வடிவம் தெளிவாகக் கண்டறியப்பட்டது. அதன் பயனாக 2023-இல் முதியோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்குமான தடுப்பூசிகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. தாய்க்கு இட்ட ஊசியின் காப்பு, பிறக்கும் மகவையும் சேர்கின்றது.

ஊசி கைக்கெட்டாத வீட்டிலும் சோப்பும் நீரும் உண்டு. இருபது நொடி கைகழுவுதல், முழங்கை மடிப்பில் இருமுதல், தும்மல் நிற்குமளவும் தொட்டிலை அணுகாதிருத்தல் ஆகிய இவற்றிற்குப் பொருட்செலவு மிகுதியன்று. குழந்தை பால் மறுப்பினும், மூச்சு விரையினும், உதடு நீலம் பாரிப்பினும் கைவைத்தியத்திற் பொழுது போக்காது மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

மருமகன் நலமுற்றான். ஈஸ்டர் விடுமுறைக்கு யாம் சென்றபோது ஆச்சி குழாயடியிற் புதுச் சோப்புக்கட்டி வைத்திருந்தார், ஒன்றும் சொன்னாரில்லை. யாமும் ஒன்றும் சொல்லாது கைகழுவிய பின்னரே உள்ளே புகுந்தோம். மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு வீடு செல்லும் நாம் எதனைக் கொண்டுசெல்கின்றோம் என்பதை வாயிலிலே சற்று நின்று எண்ணுவோமாக.