உங்கள் சேர்க்கை எண்ணை அனுப்புங்கள்



போன மாதம் நான் செய்த ஒரு தவறைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் போனிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் தவறு வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் நடந்தது. அதனால் இங்கேயும் சொல்வதுதான் முறை.

செந்துறைப் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கு உங்களில் பலர் பொருள் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பெஞ்சு, மின்விசிறி, பீரோ, கம்ப்யூட்டர். எது எந்த அறையில் இருக்கிறது, யார் கொடுத்தது, எப்போது பழுது பார்த்தது என்பதை உடனே பார்க்க ஒரு சாஃப்ட்வேரை, சென்னையில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஏற்பாடு செய்தான். இருப்புப் பதிவேட்டைப் பார்த்து எக்செல்லில் அடித்துத் தரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரம்பலூர் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.

நாலு நாளில் முடித்தேன். பதிவேட்டின் ஓரத்தில், எனக்கு முன் அதைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் சிவப்பு மையில் சின்னச் சின்ன எண்கள் எழுதி வைத்திருந்தார். ஏதோ பழைய கணக்கு என்று அவற்றை விட்டுவிட்டேன்.

ஏற்றிப் பார்த்தால் நம் ஒரு பள்ளி மூன்று பள்ளியாகியிருந்தது! பொருளில் பெயிண்டில் எழுதியிருந்ததை அப்படியே அடித்ததன் விளைவு. பழைய பெஞ்சுகளில் திருச்சி மாவட்டம் என்று இருக்கும். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001இல் அரியலூர் தனியாகப் பிரிந்தது, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மீண்டும் பிரிந்தது. பள்ளி ஓர் அடிகூட நகரவில்லை, பெஞ்சுகள்தான் மாவட்டம் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதேபோல "அறை 3", "3ஆம் அறை", "மூன்றாம் அறை" என்று அடித்ததெல்லாம் மூன்று அறைகளாகிவிட்டன. எழுத்து சரியாகப் பொருந்தவில்லை என்றால் அந்த மென்பொருள் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடுமாம்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்தினோம். சிரிக்க முடியாதது அடுத்து வந்தது.

கொடுத்தவர் பட்டியலைக் குழுவில் போட்டோம். அன்று இரவே போன். "ஐயா, நல்லா இருக்கீங்களா? அம்மா நினைவா நான் வாங்கிக் குடுத்த பீரோவ வேற யாரோ குடுத்ததா போட்டிருக்கீங்களே. அதுல அம்மா பேர் எழுதியிருக்குமே, அழிச்சிட்டாங்களா?"

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பக்கம் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு. அவர் அம்மா நம் பள்ளியில் சத்துணவு சமைத்தவர். உங்களில் பாதிப் பேர் அந்தக் கையால் சாப்பிட்டவர்கள். அம்மா இறந்த பிறகு தையல் வேலைக் காசில் சேர்த்து வாங்கிய பீரோ அது. அதே பெயருள்ள இன்னொருவர் இரண்டு மின்விசிறி கொடுத்திருந்தார். பெயர் ஒன்றாக இருந்ததால் பீரோவும் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பீரோ நூலக அறையில்தான் இருக்கிறது, பெயரும் அழியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். "போதும் ஐயா" என்று மட்டும் பதில் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து சிவப்பு மை எண்களைச் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாமே சேர்க்கை எண்கள்! பெயரை நம்பக் கூடாது என்று அந்த மனிதர் கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே ஒவ்வொரு பொருளையும் கொடுத்தவரின் எண்ணோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. எல்லோர் பெயருக்கும் முன்னால் "நக்கன்". அதனால் பெயரோடு விடாமல் எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்றும் வெட்டியிருக்கிறார்கள். இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னவனுக்கே தேவைப்பட்ட நேரத்தில் நினைவு வரவில்லை.

இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். முதலில் ஆட்கள், அடுத்து அறைகள், கடைசியில்தான் பொருள்கள். ஆளே உள்ளே இல்லாதபோது பொருள் யாரைப் போய்ச் சேரும்? ஒவ்வொரு பொருளின் வரிசையிலும் பெயருக்குப் பதில் சேர்க்கை எண். வெளியாட்கள் கொடுத்ததற்குத் தனி எண் வரிசை போட்டிருக்கிறேன். எண்ணின் முன்னால் பூஜ்யம் இருந்தால் எக்செல் தின்றுவிடுகிறது, அதையும் பழகிக்கொண்டேன். பீரோவைத்தான் முதலில் சரிசெய்தேன்.

சிவப்பு மை ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு வந்த பொருள்களுக்கு ஓரத்தில் எண் இல்லை. ஆகவே பள்ளிக்கு எதைக் கொடுத்திருந்தாலும், உங்கள் மாற்றுச் சான்றிதழில் இருக்கும் சேர்க்கை எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள். சான்றிதழ் கையில் இல்லாதவர்கள் சேர்ந்த வருடத்தையும் அப்பா பெயரையும் சொன்னால் போதும், நான் தேடி எடுத்துக்கொள்கிறேன்.