பேட் வாசித்த கை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ரோலண்ட் பேட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஸ்டாண்டில் ஒரு பெட்டி, அதன் முகத்தில் எட்டு ரப்பர் தட்டுகள், பின்னால் இரண்டு குச்சிகளோடு ஒருவர். பல்லவிக்குத் தபேலா, இடையிசைக்கு டிரம்ஸ், சாமி பாட்டு வந்தால் உடுக்கை, எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்து. 1985-ல் ‘ஆக்டாபேட்’ என்ற பெயரோடு வந்த முதல் மாடலுக்குச் சொந்தமாக ஒரு ஒலியும் கிடையாது. மிடி ஒயரால் வேறொரு ரிதம் பெட்டியோடு இணைத்தால்தான் வாய் திறக்கும். எங்கள் பக்கத்து மேடைகளை ஆண்டது அதற்கெல்லாம் பின்னால் வந்த எஸ்பிடி-20. 700 ஒலிகளும், எந்தத் தட்டுக்கு எந்த ஒலி என்று அமைத்து வைக்கும் 99 தொகுப்புகளும் கொண்டது. நான் வாசித்தது அதைத்தான்.

இப்போது குச்சியை வைத்துவிட்டு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கருப்பசாமி பாட்டு, அய்யனார் பாட்டு, முளைப்பாரிப் பாட்டு என்று உள்ளூர்ப் பாடகர்கள் கொண்டுவருவதை வீட்டிலேயே பதிவு செய்து கொடுக்கிற வேலை. தாளத்துக்கு ஒரு டிரம் சிந்தசைசர் ப்ளக்-இன் வாங்க வேண்டும். சோதனைப் பதிப்புகளை இறக்கிக் கேட்கக் கேட்க, பழைய மைதானங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

சோழவந்தானில் வைகாசித் திருவிழா, உசிலம்பட்டிப் பக்கம் பொங்கல் சாட்டு, மேலூர் பக்கம் மந்தையில் மேடை. மைக்செட்காரர் வேப்பமரத்திலும் புளியமரத்திலும் குழாய் ஸ்பீக்கரை ஏற்றிக் கட்டியிருப்பார். குழாயில் பேச்சு வெகுதூரம் போகும், கீழ்ச்சுருதி போகாது. ‘திம்’ என்று அடிவயிற்றில் விழவேண்டிய கிக் டிரம், குழாய் வழியே வரும்போது காற்றில் கரைந்துவிடும். அதனால் கிக்கின் சுருதியை நன்றாகத் தூக்கி வைப்போம். அடி விழும் கணத்தில் ‘டக்’ என்று ஒரு முனை இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். தபேலாவின் இடது கையைக் கொஞ்சம் மேலே ஏற்றுவோம். தனி அறையில் வைத்துக் கேட்டால் அந்தத் தொகுப்பு நாராசமாக இருக்கும். கண்மாய்க் கரையைத் தாண்டிக் கேட்கும்போது அதுதான் சரியாக உட்காரும்.

குழுவில் மூத்தவர் ஒருவர் சோதனை ஒலி முடிந்ததும், “தம்பி, கடைசித் தெருவுல போய் நின்னு கேட்டுட்டு வா” என்று யாரையாவது அனுப்புவார். போனவன் திரும்பி வந்து, “தவுலு மட்டும் கேக்குதுண்ணே” என்பான். அது எங்கள் தவில் அல்ல, கோயில் வாசலில் வாசித்துக்கொண்டிருக்கும் நையாண்டி மேளத்துத் தவில். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு. மின்சாரமே இல்லாமல் அடுத்த ஊருக்குக் கேட்கும் செட் அது. அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் நாங்கள் ஆரம்பிக்க முடியும். பேட்டில் பம்பை ஒலி வைத்திருந்த எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

பேட் வந்ததைக் கொண்டாட்டமாக மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்கு முன் மேடையில் தபேலாவுக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர், ட்ரிபிள் காங்கோவுக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர் இருந்தார்கள். பெட்டி வந்ததும் அந்தச் சம்பளங்கள் ஒருவன் கைக்குச் சுருங்கின. வேனில் இடம் மிச்சமானது என்று பேசிக்கொண்டோம். எனக்குக் கிடைத்த வேலை வேறு சிலர் இழந்த வேலை என்பது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சினிமாவில் இந்த மாற்றம் இன்னும் முன்பே வந்துவிட்டது. எங்கள் பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி வழியாக இசை கோத்தது அன்று பெரிய பேச்சு. அதற்கும் முன்னால், 1982-ல், பம்பாயில் சரண்ஜித் சிங் ரோலண்டின் டிஆர்-808 தாளத்தின்மேல் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்த 808-ஐத்தான் இன்று பெரும்பாலான ப்ளக்-இன்கள் நகல் எடுக்கின்றன. 1980-ல் வந்து 1983-ல் உற்பத்தி நின்றுபோன பெட்டி; செய்ததே ஏறக்குறைய 12,000. அதில் பதிவு செய்த டிரம் ஒலி எதுவும் கிடையாது. கிக் என்பது, தட்டியவுடன் அதிர்ந்து அடங்கும் ஒரு சிறிய மின்சுற்று. ஹைஹாட்டும் சிம்பலும் ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டிய சத்தம். அதிலிருந்து இரண்டை மட்டும் எடுத்தால் கவ்பெல். 1983-ல் வந்த 909-ல் கிக்கும் ஸ்னேரும் அதே வழியில் பிறந்தவை, சிம்பலும் ஹைஹாட்டும் மட்டும் பதிவுகள். இவற்றை ரோலண்டே இப்போது மென்பொருளாக விற்கிறது. போலந்து நாட்டு டி16 நிறுவனத்தின் நெஃபிடான், 808-ன் இன்னொரு நல்ல நகல்.

கேட்டுப் பார்த்தேன். குறை சொல்ல முடியாது. ஆனால் கருப்பசாமிக்கு 808 எதற்கு? சும்மா அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டால், பாட்டு அருவாளைக் கீழே போட்டுவிட்டு டிஸ்கோவுக்குப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது ஸ்வீடனின் சோனிக் சார்ஜ் நிறுவனத்தார் செய்த மைக்ரோடானிக். எல்லாம் ஒரே பலகையில் கண்முன்னே இருக்கிறது. எட்டுத் தடங்கள், பேட்டுக்கும் எட்டுத் தட்டுகள் என்பதால் கைக்குக் கணக்கு மாறவில்லை. ஒவ்வொரு தடத்திலும் ஓர் அலை, ஓர் இரைச்சல், இவை இரண்டையும் கலந்துதான் எல்லா ஒலியும். சுருதியைச் சரிய விட்டு, இழுப்பைக் கூட்டினால், உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகலுக்குப் பக்கத்தில் போக முடிகிறது. உறுமி வாசிக்கிறவர் கேட்டால் சிரிப்பார்தான். ஆனாலும் பதிவு ஒலிகளை வெட்டி ஒட்டும் மென்பொருள்களில் இந்த அளவுகூட வளைவதில்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுப்புத்தட்டுகிறது.

பேட்டைத் தூக்கிப் போடவில்லை. மிடி ஒயரில் கணினியோடு இணைத்து, மைக்ரோடானிக்கை அதிலிருந்தே அடிக்கிறேன். 1985-ன் ஊமை மாடல் செய்த அதே வேலை. கணினி ஒலியைச் சேர்த்து அனுப்பும் பஃபரை 512 சாம்பிளில் வைத்தால் அடிக்கும் ஒலிக்கும் நடுவே 12 மில்லி நொடி போல இடைவெளி விழுகிறது, கை தடுமாறுகிறது. 128-க்கு இறக்கினால் 3 மில்லி நொடி, சரியாகிவிடுகிறது. மைதானத்தில் 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஒலி போய்ச்சேரப் பத்தில் ஒரு நொடி ஆகும். அங்கே ஆளுக்கொரு நேரத்தில் தாளம் விழுந்தது, யாரும் கவலைப்பட்டதில்லை.

ஹெட்போனில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சிக்கல். முன்பு ஒரு ஒலி நல்லதா என்று முடிவு செய்தது நானல்ல. மரத்துக் குழாயும், வெட்டவெளியும், கண்மாய்க் காற்றும், கடைசித் தெருவுக்குப் போய் வந்தவனும் சேர்ந்து முடிவு செய்தார்கள். இப்போது நூறு வகைக் கிக் இருக்கிறது, இது போதும் என்று சொல்ல ஆளில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வந்த பிறகு விடிய விடியக் கச்சேரி என்பதும் போயிற்று. நோயாளியும் படிக்கிற பிள்ளையும் இருக்கிற ஊரில் அந்த விதியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கூட்டம் பாதியாகி, காற்று குளிர்ந்து, சத்தம் தானாக இனிமையாகும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கென்றே தனியாக ஒரு தொகுப்பு வைத்திருந்தேன்: மெதுவான தபேலா, முனை மழுங்கிய கிக். அதை எந்தப் ப்ளக்-இன்னிலும் தேடிப் பிரயோஜனமில்லை, நானே உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டும்.

பழைய ரிதம் பெட்டியோ பேட்டோ பரணில் போட்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் பலவற்றின் உள்ளே, நீங்கள் அமைத்து வைத்த தொகுப்புகளைக் காக்கும் சிறிய பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் பெட்டி வேலை செய்யும், உங்கள் தொகுப்புகள் அழிந்துபோகும். அதற்குமுன் மிடி வழியாக எல்லாவற்றையும் கணினியில் இறக்கி வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஒவ்வொரு தட்டையும் அடித்து ஒலிப்பதிவாவது செய்துவிடுங்கள்.