மருந்துப் பையில் இல்லாத மருந்து

“வேற மூலிகை, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று மருந்தாளர் கேட்டார். “இல்லையே” என்றார் அம்மா, கண் இமைக்காமல்.

அம்மாவுக்கு 68 வயது. இதயத் துடிப்பு அவ்வப்போது தாளம் தப்புவதால், ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் அவருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். அன்று 5ஐத் தாண்டியிருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்கைக்குக் கீழே தோல் கன்றியிருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அடுப்படியில் பழக்கமில்லாத ஒரு ஃபிளாஸ்க். திறந்ததும் கசப்பும் இனிப்புமாக வாசனை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மூன்று வாரமாகக் கொடுத்துவந்த மூலிகைக் கோழி சூப். அம்மா களைத்துத் தெரிகிறார், ரத்தம் ஊறட்டும் என்று டாங் குவேய் வேரைப் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்.

“மருந்து எதுவும் சாப்பிடலைன்னு சொன்னீங்களேம்மா?”

“மருந்து எங்கடி சாப்பிட்டேன்? இது சூப்பு!”

டாங் குவேய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடக்கூடும். உடனே மருந்தகத்தை அழைத்துச் சொன்னேன். சூப்பை நிறுத்தச் சொல்லி, மாத்திரை அளவையும் மாற்றித் தந்தார்கள். இரண்டு வாரத்தில் எண் இறங்கியது. தலையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வானொலியில் வாரந்தோறும் “மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்” என்று வாசிப்பவள் நான். என் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

சீன மருத்துவத்தின் மீது எனக்குப் பகை இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கழுத்து வலியோடு நானே தோ பாயோவில் ஒரு சீன மருத்துவரிடம் போயிருக்கிறேன். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், உடம்பில் சூடு அதிகம் என்றார். எங்கள் பாட்டி சொல்வதும் இதேதான்! எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆறு முறை ஊசி குத்திக்கொண்டதில் வலி குறைந்தது. அதே மாதத்தில் பிசியோதெரபி பயிற்சியும் செய்தேன், நாற்காலியையும் மாற்றினேன். எது குணப்படுத்தியது என்று சத்தியம் செய்ய முடியாது. அவர் கொடுத்த எம்சியை ஏற்பது முதலாளியின் விருப்பம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அவரை நம்பிப் போக ஒரு காரணம் இருந்தது. 1867ல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனம் மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்த ஊர் இது. அந்த மரபுக்கு 2000ல் சட்டம் வந்தது. சீன மருத்துவரும் ஊசி மருத்துவரும் பதிவு செய்தாக வேண்டும். பெயர் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். தேக்காவில் சூரணமும் லேகியமும் வாங்கும் நமக்கு, சித்த வைத்தியருக்கோ ஆயுர்வேத வைத்தியருக்கோ அப்படியொரு சட்டப் பதிவேடு இங்கே இல்லை. சீன மருந்தைப் பார்த்துப் புருவம் உயர்த்தும் உறவினர்களுக்கு இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சட்டமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஹுவாங்லியன் என்ற மூலிகையில் இருக்கும் பெர்பெரினை, பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலையைக் காரணம் காட்டி 1978ல் தடை செய்தார்கள். ஆய்வுகளை மறுபடி பார்த்து, 2013ல் தயாரிப்பு மருந்துகளுக்குத் தடையை நீக்கினார்கள். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இன்றும் ஆகாது. நம் மரமஞ்சளிலும் இருப்பது அதே பெர்பெரின்தான். கைக்குழந்தைக்குக் கஷாயம் காய்ச்சும் வீடுகளில் இதை எத்தனை பேர் யோசிக்கிறோம்?

ஆன்ட்டிக்கு விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. அன்போடு கொடுத்தவர் ஆயிற்றே. அம்மாவே போய், தன் பசார் மலாயில் விளக்கினார். ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது. பிறகு உள்ளே போய், சூப்பில் போட்ட பொட்டலங்களையெல்லாம் ஒரு பையில் எடுத்து வந்து நீட்டினார்.

அடுத்த முறை அம்மா அந்தப் பையை மருந்தாளர் முன்னால் கொட்டினார். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, டாங் குவேயோடு சிவப்பு கோஜி பழத்தையும் ஒதுக்கி வைத்தார். “ஐயோ, இதுவுமா?” என்றார் அம்மா. அது அவருக்குப் பிடித்தது.

இப்போது தாமரைக்கிழங்கும் வேர்க்கடலையும் போட்ட சூப் வருகிறது. பதிலுக்கு அம்மா ரசம் கொடுத்தனுப்பினார். ஆன்ட்டி கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். தான் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லி, இதில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.