மேச்சேரியில் ஒரு பழம்பறை

மேச்சேரியில் பழைய பறையொன்றைக் கையிலேந்திப் பார்த்தோம். வளைவாகச் செதுக்கிய வேப்பமரத் துண்டுகள் மூன்றை இரும்புத் தகடுகளால் பிணைத்த வட்டச் சட்டம். தகடுகள் துருவேறியிருந்தன, சட்டமோ சற்றும் கோணவில்லை. புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத்தோல் நடுவே மெலிந்து, விளிம்பில் விரிசல் கண்டிருந்தது. தீயில் காட்டினோம், தோல் இறுகிற்று. அடிக்குச்சி பட்டதும் கணீரென்றது!

மேச்சேரி ஆட்டுத்தோலுக்குச் சந்தையிலே தனி மதிப்பு. தோலைத் தடவி விலை பேசும் கைக்குத் தீட்டில்லை. தோலைத் தட்டி இசையெழுப்பும் கைக்கு மட்டும் தீட்டாம்! நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணிய பறையை இழவு வீட்டு வாசலில் நிறுத்தியது எது? சாதியன்றோ!

விரிசல் கண்ட தோலை ஒரே நாளில் மாற்றிவிடலாம், தோழர்களே! பறையறைவோனைச் சாவுக்கு மட்டும் அழைக்கும் வழக்கத்தை எந்நாளில் மாற்றப்போகிறோம்?