ஒரே ரிவால்வர், ரெண்டு வேலை

"போட்டிக்கும் ஆகணும், தினமும் இடுப்புல வச்சுக்கவும் ஆகணும். சின்னதா, நல்லதா ஒரு ரிவால்வர் சொல்லு மச்சான்."

கேட்டவர் பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வசூல் பணத்தோடு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருகிற ஆள். ரெண்டு தடவை யாரோ பைக்கில் பின்னாலேயே வந்த மாதிரி இருந்ததாம். அதிலிருந்து ஒரு பயம். இன்னொரு பக்கம், அக்கா மகளுக்குப் பதினாலு வயசு. ஒரு வருஷமாக ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறாள், நன்றாகவே சுடுகிறாள். கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்த மாமாவுக்கும் ஆசை வந்துவிட்டது. லைசென்ஸுக்கு மனு போடப் போகிறேன், ஒரு கல்லில் ரெண்டு மாங்காய் அடித்துவிடலாம் என்று கணக்கு.

நான் டெக்சாஸில் குப்பை கொட்டுவதால் துப்பாக்கி சாஸ்திரம் எனக்கு அத்துப்படி என்பது அவர் நினைப்பு. அத்துப்படி இல்லையென்றாலும், ஆபீஸ் நண்பர்களோடு சில வருடங்களாக ரேஞ்சுக்குப் போய் வருகிறவன் என்பதால் கொஞ்சம் தெரியும். அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன். ஊரில் இதே ஆசையோடு ஒரு மாமாவோ சித்தப்பாவோ உங்களுக்கும் இருக்கலாம்.

முதலில், இந்தக் கேள்வி அமெரிக்காவில் அர்த்தமுள்ள கேள்வி. இங்கே 1950-லிருந்தே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ஐந்து குண்டு குட்டி ரிவால்வர்கள் இருக்கின்றன. அதில் 642 என்கிற மாடல் கிட்டத்தட்ட 425 கிராம்தான், குழல் ரெண்டு அங்குலம்கூட இல்லை. 2009-ல் ரூகர் கம்பெனி பாலிமர் கலந்து இன்னும் லேசாக எல்.சி.ஆர். என்று ஒன்று கொண்டு வந்தது. பேன்ட் பையில் போட்டால் வெளியே தெரியாது. அப்படி உடம்போடு வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கென்றே 1996-ல் ஐ.டி.பி.ஏ. என்ற அமைப்பு ஆரம்பித்துப் போட்டிகள் நடத்துகிறது. ஆக, இங்கே ஒரே குட்டி ரிவால்வரை வைத்துக்கொண்டு ரெண்டு வேலையும் செய்கிறவர்கள் உண்டு.

ஆனால் மாமா இருப்பது அல்சூருக்குப் பக்கத்தில் ஆச்சே!

இந்தியாவில் 1959-ம் வருட ஆயுதச் சட்டமும் 2016-ம் வருட ஆயுத விதிகளும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இங்கே மளிகைச் சாமான் மாதிரி கிடைக்கும் .38 அங்கே தடைசெய்யப்பட்ட வகை. போலீஸும் ராணுவமும் பயன்படுத்துகிற அளவுகளான 9 எம்.எம்., .455 எல்லாம் அதே கதைதான். சாதாரண ஆள் ரிவால்வர் வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் .32 அல்லது .22. வெளிநாட்டுச் சரக்கை நாமாக இறக்குமதி செய்யவும் முடியாது. பேர் பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. (நான் ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வர முடியுமா என்று மாமா கேட்டார். பெர்ஃப்யூம் பாட்டில் என்று நினைத்துவிட்டார் போல!)

"கூர்க்குல லைசென்ஸே வேண்டாமாமே?" என்று அடுத்த கேள்வி. உண்மைதான். கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு 2019-ல் அதை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டியது. "நாம மர்பி டவுன்காரங்க மாமா, மடிகேரிக்காரங்க இல்ல" என்றேன்.

சரி, அங்கே என்னதான் கிடைக்கிறது? பல காலமாக இருப்பது கான்பூர் சர்க்கார் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். பழைய வெப்லி மாதிரி நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு குண்டு. 2014-ல் அதே கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு பெண்களுக்காக என்று சொல்லி, டைட்டானியம் கலவையில், 500 கிராம் எடையில் செய்தார்கள். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் என்றதும், எந்தப் பெண் வாங்குவாள் என்று எல்லோரும் கேட்டார்கள். 2021-ல் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். அதில் ஒன்று 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. மடக்க வேண்டாம், உருளை பக்கவாட்டில் வெளியே வரும். குழல் 76 மில்லிமீட்டர், குண்டு இல்லாமல் 700 கிராம்.

மாமா பிடித்துக்கொண்டது இங்கேதான். இந்த .32 ரிவால்வரில் போடும் அதே அளவுத் தோட்டாதான் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியிலும் பெரும்பாலோர் சுடுவது. ஜஸ்பால் ராணா 1994-ல் ஹிரோஷிமாவிலும் 2006-ல் தோஹாவிலும் ஆசியப் போட்டித் தங்கம் வாங்கியது அந்தப் பிரிவில்தான். தோஹாவில் 600-க்கு 590, அன்றைய உலக சாதனைக்குச் சமம். "தோட்டா ஒண்ணுதானே, அப்ப துப்பாக்கியும் ஒண்ணு போதாதா?" என்றார்.

போதாது. ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

குறி பார்க்க முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பள்ளம் இருக்கும் இல்லையா? அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் சூட்சுமம். குட்டி ரிவால்வரில் அது 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு 250 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். அந்த இலக்கு அட்டையில் பத்து என்பது 50 மில்லிமீட்டர் விட்டம் உள்ள வட்டம். ஒன்று என்பது 500 மில்லிமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் தவறுக்கு நீங்கள் ஒன்றாம் வட்டத்தின் ஓரத்தில் நிற்பீர்கள். போட்டித் துப்பாக்கியில் அந்த இடைவெளி 22 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதே தவறு அங்கே 114 மில்லிமீட்டர்தான், ஆறு கிடைக்கும். கை நடுங்காத மனிதன் கிடையாது. நடுக்கத்தை எவ்வளவு மன்னிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்தது விசை. சென்டர் ஃபயர் போட்டியில் விசையை இழுக்கக் குறைந்தது ஒரு கிலோ பலம் வேண்டும் என்பது விதி. எல்லோரும் அந்த ஒரு கிலோவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். இடுப்பில் வைக்கிற குட்டி ரிவால்வரிலோ, சுத்தியலைத் தனியாகப் பின்னால் இழுக்காமல் அப்படியே சுட்டால் ஐந்து கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். தப்பித் தவறி வெடித்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்தது அது. அதைக் குறைத்தால் போட்டிக்கு நல்லது, இடுப்புக்கு ஆபத்து.

எடையும் அப்படித்தான். துப்பாக்கி லேசாக ஆக, அதே தோட்டா கையை அதிகமாக உதைக்கும். நான் இங்கே குட்டி .38 சுடும்போது ஏழு கெஜத்தில் குண்டுகள் ஒரு தட்டுக்குள் விழும். 25 கெஜத்துக்குத் தள்ளினால் அட்டை முழுக்கக் கோலம்தான் :) இருபது குண்டுக்கு மேல் உள்ளங்கை வலிக்க ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமானது தோட்டாக் கணக்கு. அக்கா மகள் ஒரு நாள் பயிற்சியில் அறுபது எழுபது முறை சுடுகிறாள். ஏர் பிஸ்டல் என்பதால் செலவு தெரியவில்லை. தற்காப்பு லைசென்ஸில் வருடத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று எழுதித்தான் தருவார்கள். மாமா மாதிரி வாரம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிறவருக்கு அது சில வாரங்களுக்குக்கூட வராது. அப்புறம் இடுப்பில் இருப்பது வெறும் இரும்பு. விளையாட்டுக்காரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கு ரைபிள் சங்கத்தில் சேர்ந்து, போட்டிகளில் மார்க் எடுத்து, படிப்படியாக மேலே வரவேண்டும்.

மகளுக்கு? சென்டர் ஃபயர் ஆண்கள் பிரிவு. பெண்களின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டி .22-ல்தான் நடக்கிறது. மாமா வாங்க நினைக்கிற .32 அவளுக்கு எந்த ஜென்மத்திலும் உதவாது. 21 வயது ஆகும்வரை அவள் பேரில் லைசென்ஸும் கிடையாது. பயிற்சிக்கும் போட்டிக்கும் மட்டும் தனி விதி உண்டு. இப்போதைக்கு அவளுக்குத் தேவை 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான். 20 ஜூலுக்குள் இருக்கும் .177 காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம். பெங்களூர்க்காரர் பிரகாஷ் நஞ்சப்பா, நம்மைப் போல கனடாவில் பொட்டி தட்டிக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, 2013-ல் சாங்வோன் உலகக் கோப்பையில் பதக்கம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய ரெண்டு பதக்கமும் அதில்தான்.

ஆக போட்டி விஷயம் முடிந்தது. மிச்சம் இருந்தது பயம். அதை கிராம் கணக்கு போட்டுத் தீர்க்க முடியாது.

பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது பெங்களூரில் தமிழர்கள் எப்படி இருந்தோம் என்பது அந்த வயதுக்காரர்களுக்குத் தெரியும். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தபோதும் இங்கிருந்து விடிய விடிய போன் போட்டுக்கொண்டிருந்தவன் நான். வீட்டில் ஒன்று இருந்தால் தைரியம் என்று மாமா சொல்வது புரிகிறது. ஆனால் கும்பல் வந்தால் ஆறு குண்டு என்ன செய்யும்? சுட்ட பிறகு அந்தத் தெருவில் எப்படிக் குடியிருப்பது?

பைக்கில் வருகிற திருடன் விஷயமும் அப்படித்தான். ஆயுத விதிப்படி பொது இடத்தில் ரிவால்வரை உறையில் போட்டு, முழுக்க மறைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். ஸ்கூட்டரில் ரெண்டு கையும் ஹேண்டில்பாரில், மேலே ஜெர்கின், அதற்குள் உறை. பையைப் பறிக்க ஆகும் நேரம் ரெண்டு செகண்ட். கீழே தள்ளிவிட்டால் பணத்தோடு துப்பாக்கியும் போகும், அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியது மாமா. தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2023-ல் சட்டசபை, 2024-ல் பாராளுமன்றம் என்று அடுத்தடுத்து வந்ததே.

இவ்வளவையும் நான் ஸ்பீக்கர் போனில் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்து அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் சரிடா, ராத்திரி அது எங்க தூங்கும்?"

மர்பி டவுன் வீடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மூன்றாவது வீட்டில் எண்ணுவார்கள். ரெண்டு ரூமில் நாலு பேர். பூட்டி, தோட்டாவைத் தனியாக வைத்தால் அவசரத்துக்கு ஆகாது. தலைமாட்டில் குண்டோடு வைத்தால், பதினாலு வயதுப் பெண்ணும் அவள் தம்பியும் இருக்கிற வீடு அது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் அந்த வீட்டில் கிடையாது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

மனு இன்னும் போடவில்லை. அந்தப் பணத்தில் மகளுக்கு நல்ல ஏர் பிஸ்டல் ஒன்று பார்க்கிறார்கள். கடையில் பாதி வியாபாரம் யு.பி.ஐ.-க்கு மாறிவிட்டது. மீதி ரொக்கத்தைச் சாயங்காலமே பேங்க் மெஷினில் கட்டிவிடுகிறார். பயம் போய்விட்டதா என்றால், இல்லை என்றுதான் சொல்கிறார். ராத்திரி வேறு வழியாக வருகிறாராம், பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து.

அக்காவின் கேள்வியை நான் இங்கேயும் எடுத்துக்கொண்டுவிட்டேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை இல்லாத 21 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். குழந்தைகள் விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே பூட்டி வைக்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர் கூட்டிக்கொண்டு போய் பெட்டியையே காட்டினார்.

டிஸ்கி: ஹெச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பதில்' சேரும். வார இறுதியில் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கிளம்பும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது இந்த வம்பு நமக்கு வேண்டாம்.