வண்டி விழுந்தா விழட்டும்... கையை எடுத்துடுங்க!

எங்கள் தெருவில் யாராவது பைக்கோடு விழுந்து எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பதுதான். முட்டியில் ரத்தம் வழிந்தாலும் இதைத்தான் கேட்பார்கள். விழுந்தவரும் முட்டியைப் பார்க்க மாட்டார், ஹேண்டில்பாரைத்தான் பார்ப்பார். கல்நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பூரில் முட்டி தானாக ஆறிவிடும். உடைந்த கிளட்ச் லிவருக்குக் காசு வேண்டும். வண்டி இல்லையென்றால் காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குப் போய்ச் சேர முடியாது.

என் அப்பா பேட்லாக் டைலர். இருபது வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனி வாழ்க்கை. எங்கள் வீடு 15 வேலம்பாளையம் பக்கம், அவர் வேலை பார்த்த கம்பெனி பல்லடம் ரோட்டுப் பக்கம். ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை. ஒன்றரை ஷிப்ட் ஓடினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். அப்பாவுக்குப் பின்னால் அம்மா, அம்மா மடியில் டிபன் கேரியர். அம்மாவுக்கு அதே ரோட்டில் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு பேரின் சம்பளமும் அந்த ஒரு நூறு சிசி வண்டியை நம்பித்தான் இருந்தது.

நான் ஜர்னலிசம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த வருஷம். ஐப்பசி மழை. கம்பெனி வாசலில் வண்டி நிறுத்தும் இடம் சேறாகிக் கிடந்தது. ஷிப்ட் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி எடுக்கும்போது வரிசையின் கோடியில் ஒரு வண்டியின் சைடு ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கி, அது சாய்ந்தது. அடுத்தது சாய்ந்தது. அதற்கடுத்ததும். அப்பா அப்போதுதான் தன் வண்டிப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். பக்கத்து வண்டி வந்து மோதி நம் வண்டி சாயத் தொடங்கியதும், இடது கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வண்டியைக் கீழ விடலை கண்ணு." முகத்தில் ஒரு பெருமை. மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

பேட்லாக் மெஷினில் துணியை நகர்த்த இரண்டு கையும் வேண்டும். அப்பா பீஸ் ரேட்டில் தைப்பவர். மெஷின் ஓடினால்தான் சனிக்கிழமை சம்பளம். அந்த ஆறு சனிக்கிழமையும் அம்மாவின் சம்பளம் மட்டும்தான் வந்தது. என் பரீட்சை ஃபீஸுக்காக அம்மா சீட்டைத் தள்ளி எடுத்தார்.

அந்த நாள்களில் ஒருமுறை, வண்டியை சர்வீஸுக்கு விடப் போன நான் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "ஏனுங்ணா, அன்னிக்கு அப்பா பிடிக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" அவர் கையில் இருந்த பனியன் வேஸ்ட்டில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டார். "கிளட்ச் லிவர், ஒரு கண்ணாடி, ஒரு இண்டிகேட்டர். ஃபுட்ரெஸ்ட் வளைஞ்சா நிமித்திக்கலாம். எழுநூறு ரூபா தாண்டாது அம்மிணி."

எழுநூறு ரூபாய். அதைக் காப்பாற்ற ஆறு வாரச் சம்பளம் போயிருக்கிறது. பிறகு நான் சொந்தமாக வண்டி வாங்கியபோது, அது விழுந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே யோசிக்க வைத்தது அந்தக் கணக்குதான்.

*நின்ற இடத்திலேயே விழும் வண்டி*

பைக் விழுவது என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஹைவே விபத்துதான். ஆனால், வண்டியின் மேல் இருக்கிற கீறல்களில் பல, அது நின்ற இடத்தில் வாங்கியவை. சேற்றில் ஸ்டாண்டு இறங்கும். சித்திரை வெயிலில் இளகிய தாரிலும் இறங்கும். சரிவில் நியூட்ரலில் நிறுத்தினால் வண்டி முன்னால் உருண்டு, ஸ்டாண்டு தானாக மடங்கும். பின் சீட்டில் பண்டல் கட்டும்போது பாரம் ஒரு பக்கம் இழுக்கும். பக்கத்து வண்டிக்காரர் அவசரமாக எடுக்கும்போது ஹேண்டில்பார் மாட்டிக்கொள்ளும்.

இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு, பெரும்பாலும் காசில்லாமலே. மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ வையுங்கள். ஸ்டாண்டின் அடியில் மாட்டும் அகலமான தகடு கடைகளிலும் கிடைக்கிறது. சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்த்தபடி, முதல் கியரில் நிறுத்துங்கள். பண்டல் ஏற்றுவதாக இருந்தால் சென்டர் ஸ்டாண்டு போட்டு ஏற்றுங்கள். கனமான பண்டல் கீழே, லேசானது மேலே. பாரம் உயர உயர வண்டி சாய்வது சுலபமாகும். சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டி மேல் குழந்தையை உட்கார வைத்து போட்டோ எடுக்காதீர்கள். வண்டி சாய்ந்தால் குழந்தை கீழே, வண்டி மேலே. சூடான சைலன்ஸர் வேறு.

*லெக் கார்டு எதைக் காக்கும்?*

என் வண்டிக்கு நான் போட்ட முதல் செலவு லெக் கார்டு. சிலர் க்ராஷ் கார்டு என்பார்கள். வண்டி சாயும்போது இன்ஜினும் டேங்கும் தரையைத் தொடுவதற்கு முன்னால் இந்தக் குழாய் தொட்டு அடியை வாங்கிக்கொள்ளும். வண்டி முழுசாகப் படுக்காமல் கொஞ்சம் தூக்கி நிற்பதால் திரும்ப எடுப்பதும் சுலபம்.

வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். வண்டியின் ஃப்ரேமில் இரண்டு மூன்று இடத்தில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். ஒரே போல்ட்டில் தொங்கும் மெல்லிய குழாய், விழுகிற வேகத்தில் வளைந்து இன்ஜினையே இடிக்கும். ரொம்ப அகலமான கார்டும் தொல்லைதான். காதர்பேட்டை சந்துக்குள் நுழையும்போது பக்கத்து வண்டியை அதுவே இழுத்துத் தள்ளிவிடும். போல்ட்டுகளை சர்வீஸ் விடும்போதெல்லாம் இறுக்கச் சொல்லுங்கள்.

பெயரில் 'லெக்' இருக்கிறதே, காலைக் காக்குமா? இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தக் கம்பிகளால் கணுக்காலுக்கும் பாதத்துக்கும் காயம் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஈடாக முழங்காலிலும் தொடையிலும் காயம் கூடியிருக்கிறது. மொத்தத்தில் காலுக்கு லாபமில்லை என்பதுதான் அவர்களின் முடிவு.

அதனால் லெக் கார்டை வண்டிக்கான கவசமாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஹெல்மெட், ஷூ, நிதானம். கார்டு இருக்கிற தைரியத்தில் வேகம் கூட்டக் கூடாது.

*லிவரில் ஒரு சூட்சுமம்*

கீழே விழும் வண்டியில் முதலில் உடைவது பெரும்பாலும் லிவர். இடது பக்கம் விழுந்தால் கிளட்ச், கியர் லிவர். வலது பக்கம் என்றால் முன் பிரேக் லிவர், பிரேக் பெடல், சைலன்ஸர்.

காட்டுப் பாதையில் ஓட்டும் ரைடர்கள் ஒரு வேலை செய்வார்கள். லிவரை ஹேண்டில்பாரோடு பிடிக்கிற கிளாம்ப்பை மிக இறுக்கமாக முடுக்க மாட்டார்கள். சாதாரணமாகப் பிடிக்கும்போது அசையக் கூடாது, பலமாக அடிபட்டால் மட்டும் சுழல வேண்டும். அந்த அளவில் வைப்பார்கள். விழும்போது லிவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும். மெக்கானிக்கிடம் கேட்டால் செய்துதருவார். நீங்களாகவே தளர்த்திவிட்டு ஓட்டாதீர்கள், பிரேக் விஷயம். கூடவே ஒரு கிளட்ச் லிவரையும் கிளட்ச் கேபிளையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டால், ராத்திரி நேரத்தில் வழியில் நிற்க வேண்டியிருக்காது.

சாரி கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டைலாக இல்லை என்று அதைக் கழற்றி வீசும் தம்பிகள் நிறைய. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-வது விதிப்படி, பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும். கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் கட்டாயம். அம்மாவின் முந்தானையோ தங்கையின் துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால், வண்டியோடு ஆளும் விழுவார்.

*சாயும் அந்த ஒரு நொடி*

லேசாகச் சாயும்போது இடுப்பாலும் தொடையாலும் வண்டியைத் தாங்கிவிட முடியும். அது பழக்கம். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போய்விட்டால் அதன் எடை முழுதும் நம் கைக்கு வந்துவிடும். சாதாரண நூறு சிசி வண்டியே 110 கிலோ பக்கம். புல்லட் வகை என்றால் 190 கிலோவுக்கு மேல். சாய்கிற எடையை ஒரு மணிக்கட்டு தாங்காது. கையை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுங்கள். கால் அடியில் மாட்டக் கூடாது.

விழுந்த பிறகு முதலில் சாவியை அணையுங்கள். பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். தூக்கும்போது குனிந்து முதுகால் இழுக்காதீர்கள். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். முடிந்தால் கியரில் போடுங்கள், உருளாது. பிறகு சீட்டுக்கு முதுகைக் காட்டி, முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நடங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கூப்பிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

உடனே கிக்கரை உதைக்க வேண்டாம். கார்புரேட்டர் வண்டி என்றால் சில நிமிஷம் நிற்க விடுங்கள். புதிய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. சாவியை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் கிளம்பும். ஓட்டுவதற்கு முன் இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, ஆக்ஸிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா, ஹேண்டில் நேராக இருக்கிறதா, இன்ஜின் அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ்? தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் நம் வண்டிச் சேதத்துக்கு எதுவும் வராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசி இருந்தாலும், தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியாக இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் கழித்துக்கொள்வார்கள். சின்னச் செலவுக்கு க்ளெய்ம் செய்தால் அடுத்த வருஷ நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி, தொடர்ந்து க்ளெய்ம் செய்யாதவர்களுக்கு 50 சதவிகிதம் வரை போகும் தள்ளுபடி அது. கண்ணாடி, லிவர் மாதிரி செலவுகளைக் கையிலிருந்து கொடுத்துவிடுவது பல நேரங்களில் லாபம்.

இவ்வளவும் தெரிந்த நானும் விழுந்தேன். போன மாசம் காதர்பேட்டையில், மழை நின்ற சாயங்காலம். யு டர்ன் எடுக்கும்போது ஊன்றிய கால் வழுக்கியது. வண்டி சாய்வது நன்றாகத் தெரிந்தது. கை தானாக இறுக்கிப் பிடித்தது. அப்பாவின் மாவுக்கட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ, விட்டுவிட்டு விலகினேன். 'டமார்' என்று ஒரு சத்தம். பண்டல் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன்கள் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கி நிறுத்தினார்கள். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வெளியே போய் வண்டியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் டார்ச் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். லெக் கார்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கார்டை நல்லாத்தான் மாட்டியிருக்கான்" என்றார்.