மாமிக்கு அறுபது, மகனுக்கு நூறு

ஹேர்னிங், டென்மார்க், ஜனவரி 6, 2025

மாமி நேற்று முழுநாளும் சாப்பிட்டதை எழுதிப் பார்த்தேன். காலையில் பட்டர் பூசிய பாண் இரண்டு துண்டு, தேத்தண்ணி. மத்தியானம் சோறு, தண்ணியாய்க் கரைத்த பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை. இரவு இடியப்பம், சொதி, சம்பல். வயிறு நிறைந்த சாப்பாடுதான், ருசியிலும் குறைவில்லை. ஆனால் புரதத்தைக் கூட்டினால் 30 கிராமை எட்டவில்லை. மாமிக்கு 72 வயது, 50 கிலோ. நோர்டிக் நாடுகளின் ஊட்டச்சத்துப் பரிந்துரைகள் வயதுவந்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கின்றன. முதியோருக்கு அதைவிடக் கூட, கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் திட்டமிடச் சொல்கிறார்கள். அப்படியென்றால் மாமிக்கு ஒரு நாளைக்கு 60. பாதிதான் போகிறது.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கு இந்தப் பாதி என்னவென்று தெரியும். தொடைத் தசை கரைந்தவர்கள் முதலில் இழப்பது நடையை அல்ல, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவதை. அதன்பிறகு கழிப்பறைக்குப் போகவும் மணியடித்து ஆளைக் கூப்பிட வேண்டும்.

மகன் பக்கத்தில் வேறு கணக்கு. 17 வயது, 62 கிலோ, ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். “அம்மா, அங்கை எல்லாரும் புரோட்டீன் பவுடர் குடிக்கினம், எனக்கும் ஒண்டு வாங்கித் தாங்கோவன்” என்று இரண்டு நாளாகக் கேட்கிறான். பாரம் தூக்குகிறவர்களுக்கு எவ்வளவு புரதம் பயன்படுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. கிலோவுக்கு 1.6 கிராம் அளவைத் தாண்டினால் தசைக்கு மேலதிக இலாபம் இல்லை என்பது அதன் முடிவு. மகனுக்கு அது ஏறத்தாழ 100.

ஒரே அடுப்பு, ஒரே சம்பளம். 60க்கும் 100க்கும் சமைக்க வேண்டும்.

ஜனவரி 11

சனிக்கிழமைச் சாமான் வாங்கல். இந்த நாட்டில் பருப்புக்கும் 25 வீத வரி, வைன் போத்தலுக்கும் 25 வீத வரி. சாப்பாட்டுக்கென்று சலுகை வீதம் கிடையாது. அதனால் மலிவுத் தாள்களைப் பார்த்து வாங்குவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம், டெனிஷ்காரரும் அப்படித்தான். நெற்றோ மலிவுக் கடையில் திகதி நெருங்கிய பொருள்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைப்பார்கள். கோழியும் அரைத்த இறைச்சியும் அப்படிக் கிடைத்தால் அன்றைக்கே உறைபெட்டிக்குள் போய்விடும்.

இன்று விலையைப் பார்க்காமல், அந்த விலைக்கு எத்தனை கிராம் புரதம் வருகிறது என்று பார்த்து வாங்கினேன். முன்வரிசையில் நின்றவை விளம்பரம் இல்லாத பொருள்கள். துருக்கிக் கடையில் பெரிய பையாக வரும் மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் புரதம் தருகின்றன. ஓட்ஸ் 13. நம்முடைய தமிழ்க் கடையில் விற்கும் சோயாமீட், ஊறவைக்குமுன் நிறுத்தால், 50ஐத் தொடுகிறது. இவற்றுக்கு அடுத்த படியில் முட்டை, பால், ஸ்கீர். ஐஸ்லாந்தில் இருந்து வந்த இந்தக் கட்டித் தயிரில் கொழுப்பு அநேகமாக இல்லை, 100 கிராமில் 11 கிராம் புரதம். சால்மனும் மாட்டிறைச்சித் துண்டும் நல்ல சாப்பாடுதான், கிழமைக்கு ஒருமுறை போதும்.

பவுடர் நஞ்சென்று நான் மகனுக்குச் சொல்லவில்லை. பாலில் இருந்து எடுத்த புரதம்தான் அது, உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆனால் பருப்போடு நார்ச்சத்தும் இரும்பும் வருகின்றன, மீனோடு நல்ல கொழுப்பு வருகிறது. பவுடரோடு வருவது இனிப்பும் வாசமும்.

ஜனவரி 14, தைப்பொங்கல்

இருட்டோடு எழும்பிப் பொங்கினோம். சூரியன் எட்டரைக்குப் பிறகுதான் வந்தது, அதுவும் முகிலுக்குள். டென்மார்க்கின் சுகாதாரத் திணைக்களம் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கச் சொல்கிறது. எலும்புக்கு மட்டுமல்ல, தசை வேலை செய்யவும் அது வேண்டும். வீட்டில் ஐந்து பேருக்கும் மேசையில் ஒரே போத்தல்.

பச்சைப்பயறு வழமையாகப் போடுவதைவிட இரண்டு மடங்கு போட்டேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை, பொங்கல் நன்றாக இருக்கிறது என்றா.

மகன் மெலிவு. மெலிந்தவனுக்கு நோய் வராது என்று நம்முடைய ஆட்கள் நினைக்கிறோம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் ஜோன் யுட்கினும் சேர்ந்து நின்ற படமொன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். மெல்லிய உருவத்துக்குள் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும் இந்தத் தெற்காசிய உடலமைப்பைத்தான் யாஜ்னிக் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். சாப்பிட்ட சோற்றின் சீனியைப் பெருமளவு உள்ளிழுப்பது தசை. அது குறைந்தால் சீனி இரத்தத்தில் நிற்கும்.

யூட்லாந்தில் பிறந்த டெனிஷ் விஞ்ஞானி ஓகஸ்ட் குரோக் 1920இல் நோபல் பரிசு பெற்றதும் தசையை ஆராய்ந்துதான். ஓய்வான தசையில் மூடிக்கிடக்கும் நுண்குழாய்கள் வேலை செய்யும்போது திறக்கின்றன என்று காட்டினார். அவருடைய மனைவி மரீ குரோக்குக்கு நீரிழிவு. 1922இல் இருவரும் அமெரிக்கா போனபோது, குரோக் டொரொன்டோவில் இன்சுலின் தயாரிக்கும் உரிமையைப் பெற்று வந்தார். இந்த நாட்டின் இன்சுலின் தொழில் அதிலிருந்துதான் தொடங்கியது. நம்முடைய குடும்பங்களில் எத்தனையோ குளிரூட்டிகளில் இன்று இருக்கும் ஊசிக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. ஊசி தேவைப்படும் நாளைத் தள்ளிப்போடத் தசையும் ஒரு வழி என்பதை மகனுக்கு இன்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரி 26

பவுடருக்கு விடை கொப்பன்ஹேகனிலேயே இருக்கிறது. பிஸ்பெபியர்க் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 65 வயது கடந்த ஆரோக்கியமான 208 பேரை ஐந்து குழுவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு மாச்சத்து, ஒன்றுக்குக் கொலாஜன், ஒன்றுக்கு மோர்ப்புரதப் பவுடர், ஒன்றுக்குப் பவுடரும் வீட்டில் இலேசான பயிற்சியும், கடைசிக் குழுவுக்குப் பவுடரும் மேற்பார்வையோடு கனமான பாரம் தூக்கலும். 2021இல் முடிவு வெளியானது. பவுடரை மட்டும் வருடம் முழுவதும் குடித்தவர்களுக்குத் தசையும் கூடவில்லை, பலமும் கூடவில்லை. கனமாகத் தூக்கியவர்களுக்குக் கால் பலம் கூடியது.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடும் டெனிஷ்காரர். 30 கிராமோடு நாளை முடிக்கிற மாமியை அவர்களோடு சேர்க்க முடியாது, அவவுக்குச் சாப்பாடும் கூட வேண்டும். ஆனால் சாப்பாடு மட்டும் போதாது என்பது அவவுக்கும் பொருந்தும்.

மாமியிடம் சொன்னேன். “எனக்கேன் பிள்ளை உதெல்லாம்? வளர்ற பெடியனுக்குக் குடு” என்றா. நம்முடைய பெண்கள் இப்படித்தான் பழகியிருக்கிறார்கள். மீனில் நடுத்துண்டு ஆண்களுக்கு, முட்டை பிள்ளைகளுக்கு, சட்டியை வழித்த குழம்பு தனக்கு. இது எனக்குக் கோபத்தைத் தருகிறது, மாமியில் அல்ல. ஊரிலும் அகதியாக வந்த இடத்திலும் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட ஒரு தலைமுறையே இன்று கதிரையில் இருந்து எழும்பக் கஷ்டப்படுகிறது.

பெப்ரவரி 8

திட்டம் ஓரளவு நிலைத்துவிட்டது. பெரிய மாற்றம் காலையில்தான். நம்முடைய சாப்பாட்டில் புரதம் என்று இருப்பதெல்லாம் மத்தியானமும் இரவும் போகிறது, காலை பாணோடும் தேத்தண்ணியோடும் கழிகிறது. ஒரு நேரத்துக்கு 20, 25 கிராம் என்று நாள் முழுக்கப் பிரிந்து போனால் தசைக்கு நல்லது, வயதானவர்களுக்கு முக்கியமாக. இப்போது காலையில் 50 கிராம் ஓட்ஸை 3 டெசிலீற்றர் பாலில் காய்ச்சி, பக்கத்தில் ஒரு அவித்த முட்டை. அதுவே 23 கிராம். மாமிக்கு இனிப்புக் கஞ்சி பிடிக்காது. உப்பும் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுத்தால் குடிக்கிறா.

மத்தியானம் பருப்புத் தண்ணியாக இல்லை, கரண்டியில் நிற்கும். ஒருவருக்குக் காய்ந்த பருப்பு 60 கிராம் கணக்கு, சோறு கொஞ்சம் குறைவு. தயிருக்குப் பதில் ஸ்கீர். கொதிக்கிற குழம்பில் போட்டால் திரைந்துவிடும், ஆறவிட்டுக் கடைசியில் கலக்க வேண்டும். இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளித்துச் சோற்றில் பிசைந்தால் தயிர்ச்சோறு போலவே இருக்கிறது.

இரவுக்கு மீன்டின். டெனிஷ்காரர் கறுத்த ரை பாணில் வைத்துச் சாப்பிடும் தக்காளிச் சாறிட்ட கானாங்கெளுத்திப் பேணி இங்கே எந்தக் கடையிலும் மலிவு. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கி அதைக் கவிழ்த்து, தேசிக்காய் பிழிந்து இறக்கினால் பத்து நிமிடத்தில் புட்டுக்குக் கறி. மாமிக்கு இதைவிடப் பிடித்தது கொட் மீனின் சினைப் பேணி. துண்டு துண்டாக வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்துக் கொடுத்தேன், ஊரில் தின்ற சினைப் பொரியலின் ருசி என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினா.

மகனுக்கு இதே சட்டிதான், அளவு கூட. பயிற்சி முடிந்து வந்ததும் அரை லீற்றர் பாலும் வாழைப்பழமும். கிழமையில் இரண்டு நாள் சோயாமீட் பிரட்டல்.

இந்த நாடு மலிவுச் சாப்பாட்டில் ஒரு பெரிய பரிசோதனையையே நடத்தியிருக்கிறது. முதலாம் உலகப் போரில் கப்பல்கள் தடைப்பட்டபோது மருத்துவர் மிக்கெல் ஹின்ட்ஹேடவின் யோசனைப்படி பன்றிகளைக் குறைத்து, அவற்றுக்குப் போன தானியத்தையும் கிழங்கையும் மனிதருக்குத் திருப்பினார்கள். தவிட்டுப் பாண், பார்லிக் கஞ்சி, உருளைக்கிழங்கு. கொப்பன்ஹேகனில் இறப்பு வீதம் குறைந்தது என்று அவர் 1920இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். மனிதருக்கு மிகக் குறைந்த புரதமே போதும் என்பது அவருடைய கட்சி. தானியத்தையும் கிழங்கையும் பற்றி அவர் சொன்னது சரி, பஞ்சமில்லாமல் உயிர் வாழ அவை போதும். எழுபது வயதில் படியேறுவதற்குப் போதாது.

பெப்ரவரி 26, மகா சிவராத்திரி

மாமி விரதம். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. நாளைக் காலையில் பாறணைக்கு உழுந்துக் களி கிண்டுவேன், அதுவும் நல்ல புரதம்தான்.

வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி என்பதால் புரதம் குறையும் என்று மகன் கவலைப்பட்டான். அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. புட்டும் கடலையும், சோறும் பருப்பும், உழுந்து சேர்ந்த தோசையும் அந்தக் குறையை நிரப்பிக்கொள்கின்றன. டென்மார்க் அரசு 2021இல் வெளியிட்ட உணவு ஆலோசனை இறைச்சியைக் கிழமைக்கு 350 கிராமோடு நிறுத்தி, அவித்த பருப்பு, கடலை வகையை நாளுக்கு 100 கிராம் சாப்பிடச் சொல்கிறது. என்னோடு வேலை செய்யும் டெனிஷ் பெண் கொண்டைக்கடலையை எப்படி ஊறவைப்பது என்று என்னிடம்தான் கேட்டா.

மார்ச் 9

சுவரோடு கதிரையை அணைத்துவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழும்பி இருப்பது மாமியின் பயிற்சி. மகன் பக்கத்தில் நின்று எண்ணுகிறான். “அப்பம்மா, இன்னும் ரெண்டு” என்றால் மூன்று செய்கிறா. இது ஆரம்பம்தான், பாரம் கூடிக்கொண்டே போக வேண்டும். கொப்பன்ஹேகனில் ஓய்வு பெறும் வயதினர் 451 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், ஒரு வருடம் கனமான பாரம் தூக்கியவர்களின் கால் பலம் நான்காவது வருடத்திலும் குறையாமல் நின்றது.

கனமான பயிற்சிக்கு வீடு போதாது. இங்கே ஊருக்கு ஊர் விளையாட்டுச் சங்கங்கள் உண்டு, உறுப்பினர் பணம் தனியார் ஜிம்மைவிடக் குறைவு, முதியோருக்குத் தனி நேரமும் வைத்திருக்கிறார்கள். நம்முடைய அம்மாமார் போகாததற்கு மொழியும் கூச்சமும்தான் காரணம். தமிழ்ப் பாடசாலை நாளில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரமெல்லாம் அப்பம்மா, அம்மம்மாமார் பக்கத்து அறையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக இருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பயிற்சியாளரை அழைக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகிறேன். மொழிபெயர்க்க நான் நிற்பேன். பிஸ்கட்டுக்குப் பதில் கடலைச் சுண்டல், முதல் சட்டி என் செலவு.